லிமெரிக் வழியாகச் செஞ்சிக்கு

(செஞ்சியில் நடந்த குறுவளமையக் கூட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளி சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உள்ளூர் வரலாற்றை வகுப்பறைக்குக் கொண்டுபோவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். செஞ்சியில் இருந்துகொண்டு இதைப் பேசுவது சுலபம்தானே என்று தோன்றும். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி தெரிகிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளில் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மிச்சம் ஒன்று நம்முடையது. அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகளும் கூடியிருக்கின்றன.

ஆனால் ஆனந்தக்கோன், நாயக்கர், பீஜப்பூர் சுல்தான், சிவாஜி, ராஜாராம், தேசிங்கு என்ற வரிசையை நான் இன்று ஒப்பிக்கப் போவதில்லை. அது உங்களுக்கே தெரியும். தேசிங்கு ராஜன் கதையை நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள், கூத்து பார்த்தவர்கள் அவர்கள். நான் சொல்லப்போவது நான்கு நண்பர்கள் ஒரு சனி, ஞாயிறில் போய்வந்த பயணம் பற்றி. எங்கள் ஆசிரியர் அறையில் அதற்கு ‘அயர்லாந்து டூர்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாஸ்போர்ட் எடுக்கவில்லை. ஒரு நாள் பைக், ஒரு நாள் பேருந்து, அவ்வளவுதான் செலவு.

இதன் தொடக்கம் ஒரு கேள்வி. எட்டாம் வகுப்பில் கர்நாடகப் போர்கள் நடத்திக்கொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரிந்த அட்டவணைதான்: முதல் போர் 1746 முதல் 1748 வரை, இரண்டாவது 1749 முதல் 1754 வரை, மூன்றாவது 1756 முதல் 1763 வரை. காரணங்கள், தளபதிகள், உடன்படிக்கைகள். கடைசி வரிசையில் இருந்து ஒரு பையன் எழுந்து, “சார், இவங்க ரெண்டு பேருக்கும் அவங்க ஊர்லயே சண்ட போட எடம் இல்லையா? ஏன் சார் வந்தவாசி வரைக்கும் வரணும்?” என்றான். வகுப்பே சிரித்தது. ஐரோப்பாவில் நடந்த ஏழாண்டுப் போரையும் வணிகப் போட்டியையும் சொன்னேன். சொன்னது எல்லாம் சரிதான். ஆனால் அவன் கேட்டது அரசர்களைப் பற்றி அல்ல. அவ்வளவு தூரம் கப்பல் ஏறி வந்து துப்பாக்கி பிடித்தவனைப் பற்றி. அவன் ஏன் வந்தான்?

அந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். ஆண்டுதோறும் பொங்கல் முடிந்ததும் அவன் வருகைப் பதிவேட்டில் காணாமல் போய்விடுவான். அப்பா, அம்மா கரும்பு வெட்டப் போவார்கள், இவனும் தம்பியும் கூடப் போவார்கள். ஏப்ரலில் திரும்பி வரும்போது தேர்வு தொடங்கியிருக்கும். இப்படிப்பட்ட பிள்ளை உங்கள் ஒவ்வொருவர் வகுப்பிலும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள்.

அதே வாரத்தில் எங்கள் அறிவியல் டீச்சர் உணவு இடைவேளையில் செல்போனில் சில படங்களைக் காட்டினார். அவர் மகள் அயர்லாந்தில் டப்ளின் நகரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கிறார். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுப்பு கிடைத்ததும் உடன் வேலை பார்க்கும் மூன்று தோழிகளோடு லிமெரிக் என்ற ஊருக்குப் போயிருக்கிறார். டப்ளினிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், நம்மூருக்குச் சென்னைக்கும் மேலே கொஞ்சம். ஷானன் என்ற பெரிய ஆற்றின் கரையில் பருத்த வட்டக் கொத்தளங்களோடு ஒரு கோட்டை. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது, ஜான் மன்னர் கோட்டை என்று பெயர். படத்தோடு குரல் பதிவும் அனுப்பியிருந்தார்: “அம்மா, இங்கயும் நம்ம ஊர் மாதிரியே கோட்டை. மலை மட்டும்தான் இல்ல. 1690-ல முற்றுகை போட்டாங்களாம்.”

1690 என்றதும் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. செஞ்சிக் கோட்டையை ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் முற்றுகையிடத் தொடங்கியதும் அதே 1690தான். உள்ளே இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். அந்த முற்றுகை 1698 வரை நீண்டது. உலகின் இரண்டு மூலைகளில், ஒன்றையொன்று அறியாத இரண்டு கோட்டைகள் ஒரே ஆண்டில் சூழப்பட்டிருக்கின்றன. தற்செயல்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு படித்தபோது, தற்செயல் அல்லாத ஒரு தொடர்பு கிடைத்தது.

சுருக்கமாகச் சொல்கிறேன். இங்கிலாந்தின் அரியணைக்காக ஜேம்ஸ், வில்லியம் என்ற இரண்டு மன்னர்கள் அடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டையின் பெரும்பகுதி அயர்லாந்து மண்ணில் நடந்தது. கத்தோலிக்க ஐரிஷ்காரர்கள் ஜேம்ஸ் பக்கம். லிமெரிக் அவர்களுடைய கடைசிப் பிடி. 1690 முற்றுகையைத் தாங்கிய அந்த ஊர், 1691 முற்றுகையில் பணிந்தது. அக்டோபரில் ஒப்பந்தம். கோட்டைக்கு எதிர்க்கரையில் ஒரு பாறைக்கல்லை மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தக் கல் என்று அதற்குப் பெயர், டீச்சர் மகள் அனுப்பிய படங்களில் அதுவும் இருந்தது. ஒப்பந்தத்தின்படி, விரும்பிய வீரர்கள் பிரான்சுக்குப் போய்விடலாம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் கப்பல் ஏறினார்கள். பலருடைய குடும்பங்களும் கூடவே போயின. அயர்லாந்தில் அவர்களைக் ‘காட்டு வாத்துகள்’ என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். கூட்டமாகக் கிளம்பிப் போன பறவைகள் என்று பொருள்.

பிரெஞ்சு அரசர் அவர்களைத் தன் படையில் ஐரிஷ் பிரிவாக வைத்துக்கொண்டார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே பிரிவில் சேர்ந்தார்கள். அப்படிப் போன ஐரிஷ் அதிகாரி ஒருவருக்குப் பிரான்சில் 1702-இல் பிறந்த மகன்தான், நம் பாடப்புத்தகத்தில் வரும் கவுண்ட் டி லாலி. பிள்ளைகள் ‘கவுண்டிலாலி’ என்று ஒரே பெயராக எழுதுவார்களே, அவர்தான். தந்தையின் ஊர் அயர்லாந்தின் மேற்கே கால்வே பகுதி. லாலி தன் பெயர் தாங்கிய ஐரிஷ் படைப்பிரிவோடு 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்து இறங்கினார்.

இனி எதிர்ப்பக்கம். வந்தவாசியில் லாலியைத் தோற்கடித்த சர் அயர் கூட் எந்த ஊர்க்காரர்? பிள்ளைகள் இங்கிலாந்து என்பார்கள். அவர் பிறந்தது 1726-இல், அயர்லாந்தில், அதுவும் லிமெரிக் வட்டாரத்தில். அங்கே நிலம் பெற்றுக் குடியேறிய ஆங்கிலேய வம்சம் அது. ஆக, 1691-இல் லிமெரிக்கை விட்டுப் போனவர்களின் வழிவந்தவர் ஒருவரும், லிமெரிக்கில் நிலம் வைத்திருந்தவர்களின் வழிவந்தவர் ஒருவரும், எழுபது ஆண்டு கழித்து நம் வந்தவாசி வயல்வெளியில் மோதியிருக்கிறார்கள். நாம் அதை ‘ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் போர்’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுத வைக்கிறோம்.

இதை டீச்சரிடம் சொன்னதும், “சார், என் பொண்ணு அவ்வளவு தூரம் போய்ப் பார்த்துட்டா. நாம வந்தவாசிக்குக்கூடப் போனதில்ல” என்றார். தமிழ் ஐயா சேர்ந்துகொண்டார். பி.எட். படித்த காலத்திலிருந்து எனக்குத் தோழர், இப்போது தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர், அவரும் வந்தார். டிசம்பரில் மழை விட்ட ஒரு சனி, ஞாயிறு.

சனிக்கிழமை செஞ்சி. உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உறவினர் வந்தால் மட்டும் கோட்டைக்குப் போவது, கல்யாண மகால் வாசலில் நின்று படம் எடுப்பது, ‘மேலே எல்லாம் ஏற முடியாது, குரங்குத் தொல்லை’ என்று திரும்பிவிடுவது. அன்றைக்கு அப்படிச் செய்வதில்லை என்று முடிவு செய்தோம். காலை ஒன்பது மணிக்கு வாயில் திறக்கும்போதே உள்ளே போய்விட்டோம். கல்யாண மகாலுக்குச் சுடுமண் குழாய்களில் தண்ணீர் கொண்டுவந்த ஏற்பாட்டை அறிவியல் டீச்சர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நீர் தன் மட்டத்தைத் தேடும் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல சோதனைக்கூடம் எங்கே இருக்கிறது என்றார். களஞ்சியத்துக்குள் நின்று கைதட்டினால் வரும் எதிரொலியைத் தலைமையாசிரியர் தன் மூன்றாம் வகுப்புக்குக் குறித்துக்கொண்டார். நாலு பேர் போனால் நாலு பாடம் கிடைக்கிறது. தனியாகப் போயிருந்தால் நான் மதில்களை மட்டும்தான் பார்த்திருப்பேன்.

ராஜகிரி சுமார் 800 அடி. கமலக்கண்ணியம்மன் கோயில் தாண்டிப் படிகள் செங்குத்தாகின்றன. உச்சிக்குச் சற்று முன்னால் மலை இரண்டாகப் பிளந்து நிற்கிறது. அந்தப் பிளவின் மேல் பாலம். பழங்காலத்தில் அது எடுத்துவிடக்கூடிய மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் மேலே இருப்பவனை எந்தப் படையும் நெருங்க முடியாது. அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்த்தபோது, ராஜாராம் எப்படி எட்டு ஆண்டு தாக்குப்பிடித்தார் என்ற கேள்விக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இதே கோட்டையை 1750 செப்டம்பரில் புஸ்ஸி இரவோடு இரவாகப் பிடித்துவிட்டார் என்பதுதான் நம்பக் கடினமாக இருந்தது.

மேலே அரங்கநாதர் கோயில் நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். எதிரே கிருஷ்ணகிரி, இந்தப் பக்கம் சந்திரகிரி, நடுவே திண்டிவனம், திருவண்ணாமலைச் சாலை. அங்கே உட்கார்ந்துதான் 1761-ஐப் பேசினோம். வந்தவாசித் தோல்விக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வோர் ஊராக இழந்தார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரியே விழுந்துவிட்டது. அதற்குச் சில நாள் முன்னால்தான் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இறந்துபோனார். புதுச்சேரி போன பிறகும் செஞ்சியில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. அப்போது இங்கே பிரெஞ்சுப் படைக்குத் தலைவராக இருந்தவர் பெயர் மெக்கிரிகர். பெயரைக் கேட்டாலே தெரியும், ஸ்காட்லாந்துப் பெயர். பிரிட்டனில் பிறந்த பெயர் ஒன்று, பிரிட்டன் படைக்கு எதிராக, பிரெஞ்சுக் கொடியின் கீழ், நம் ராஜகிரியில். ஏப்ரலில் அவரும் கோட்டையை ஒப்படைத்தார். கர்நாடகப் போர்கள் முடிந்தது பாரிஸ் உடன்படிக்கையில் என்று எழுதுகிறோம். இந்த மண்ணில் அவை முடிந்த இடம், நாங்கள் புளிசாதம் சாப்பிட்ட அந்தப் பாறை.

இங்கே காவல் இருந்த ஐரோப்பிய வீரர்களில் நிறையப் பேரைக் கொன்றது குண்டு அல்ல, காய்ச்சல். நம் மலைக்காற்று அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு இங்கே பெயர் பொறித்த கல் ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

இறங்கும்போது தமிழ் ஐயா, “கல் என்று சொன்னீர்களே, வாருங்கள் ஒன்று காட்டுகிறேன்” என்று எங்களைத் திருநாதர் குன்றுக்கு அழைத்துப்போனார். ஊருக்கு வடக்கே, பாறையில் 24 தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கும் இடம். அங்கே ஒரு பழைய வட்டெழுத்துக் கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்நீத்ததைச் சொல்கிறது. ‘ஐ’ என்ற எழுத்து கல்வெட்டுகளில் முதன்முதலாக வருவது இங்கேதான் என்பார்கள். அந்தத் துறவியின் பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டம் என்ன தெரியுமா? ஆசிரியர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம் தொழிலின் பெயர் இந்த ஊர்ப் பாறையில் இருக்கிறது, நாம் எமிஸ் பதிவேற்றத்தில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அதைத் தாண்டிப் போகிறோம் என்றார் ஐயா. இது அயர்லாந்துக் கதைக்குச் சம்பந்தமில்லாதது. ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேருந்து பிடித்து வந்தவாசி. செஞ்சியைப் பார்த்த கண்ணுக்கு வந்தவாசிக் கோட்டை ஏமாற்றமாக இருக்கும். ஊர் நடுவே மதிலின் மிச்சம், அகழியின் மிச்சம், சுற்றிலும் வீடுகள். கடைத்தெருவில் கோரைப் பாய்கள்தான் கண்ணில் படுகின்றன. டீச்சர் இரண்டு பாய் வாங்கினார். பேருந்தில் அவற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது நான்.

போர் நடந்தது 1760 ஜனவரி 22. கோட்டையை மீட்க லாலி முற்றுகை போட்டிருந்தார். கூட் மலையடிவாரத்தை ஒட்டிப் படையை நகர்த்திக் கோட்டைப் பக்கம் வந்தார். இரு பக்கமும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஐரோப்பிய வீரர்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒரு குளக்கரையைத் தங்கள் இடப்பக்க அரணாக வைத்திருந்தார்கள். அங்கே நின்ற வெடிமருந்து வண்டியில் ஒரு குண்டு விழுந்து வெடித்ததும் நிலைமை தலைகீழானது. செஞ்சியை ஓர் இரவில் பிடித்த அதே புஸ்ஸி அன்று கைதியானார். பிரெஞ்சுக்காரர்களுக்குத் துணையாக வந்த மராட்டியக் குதிரைப்படை சண்டையில் இறங்கவே இல்லை. லாலியின் ஐரிஷ் படைப்பிரிவு முன்வரிசையில் நின்றது. பிரெஞ்சுப் படையிலிருந்த ஐரிஷ் பிரிவுகளின் சட்டை நிறம்கூட, ஆங்கிலேயரைப் போலவே, சிவப்பு.

வயல்வரப்பில் நடந்தபோது தலைமையாசிரியர் கேட்டார்: “ஐரிஷ்காரன் இந்தப் பக்கம், ஐரிஷ்காரன் அந்தப் பக்கம், சரி. நம்ம ஆள் எந்தப் பக்கம்?” நம்ம ஆள் இரண்டு பக்கமும்தான். இரு படையிலும் ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள் இருந்தார்கள். பெயர் தெரிந்தவர் என்று சொன்னால், அந்தக் காலத்தில் கம்பெனிச் சிப்பாய்களுக்குத் தளபதியாக இருந்த யூசுப் கான், நாம் மருதநாயகம் என்று அறிந்தவர். லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அவரைத் தூங்கவிடாமல் அடித்தவர் இவர்தான். கம்பெனிக்காக அவ்வளவு உழைத்தவரைக் கம்பெனியே 1764-இல் மதுரையில் தூக்கில் போட்டது. லாலியின் கதையும் அதேதான். தோற்று, கைதியாகி, பிரான்சுக்குத் திரும்பிய லாலியின் மேல் துரோகப் பழி சுமத்தி, 1766 மே மாதம் பாரிஸில் தலையை வெட்டினார்கள். நீதி கேட்டுப் பின்னால் எழுதியவர்களில் வால்டேர் ஒருவர். கூட் மட்டும் தப்பினார். 1781-இல் பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை வென்று, 1783-இல் சென்னையில் இறந்தார்.

லாலியின் மேல் பரிதாபப்பட்டு நிறுத்திவிடக் கூடாது. தஞ்சாவூர் அரசரிடம் பணம் பறிக்கப் படையெடுத்துப் போனவர் அவர், வழியில் கோயிலைச் சூறையாடியவர். வண்டி இழுக்கவும் சுமை தூக்கவும் ஆள் கிடைக்காதபோது புதுச்சேரி மக்களை வலுக்கட்டாயமாகப் பிடித்து வேலை வாங்கியவர். மண்ணை இழந்தவனின் மகன் என்பதால் அடுத்தவன் வலி தெரிந்திருக்கும் என்று நாம் நினைப்போம். அவர் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. இதையும் நான் வகுப்பில் சொன்னேன். நல்லவர், கெட்டவர் என்று இரண்டு கட்டம் போட்டு நிரப்பப் பழகிய பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் சிரமமாக இருந்தது. இருக்கட்டும்.

திங்கட்கிழமை வகுப்பு. வராந்தாத் தரையில் சாக்பீஸால் பெரிய வரைபடம் போட்டோம். லிமெரிக்கிலிருந்து பிரான்சுக்கு ஒரு கோடு. பிரான்சிலிருந்து ஆப்பிரிக்காவைச் சுற்றிப் புதுச்சேரிக்கு ஒரு கோடு. அங்கிருந்து வந்தவாசி, பிறகு செஞ்சி. கோட்டின் மேல் பிள்ளைகளை நிற்க வைத்தேன். அயர்லாந்தில் நின்றவர்களிடம், “உங்க நிலம் போச்சு. உங்க பக்கம் தோத்துப் போச்சு. சொந்த ஊர்ல உங்களுக்கு வேலை கொடுக்க மாட்டாங்க. கப்பல்ல ஏறினா சாப்பாடும் சம்பளமும் உண்டு. என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். யோசிக்காமல், “ஏறிடுவோம் சார்” என்றார்கள். கேள்வி கேட்ட பையனுக்கு அப்போதுதான் தன் கேள்விக்கு விடை கிடைத்தது போலத் தெரிந்தது. அவன் அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்: “அவங்க திரும்ப ஊருக்குப் போனாங்களா சார்?”

பெரும்பாலோர் போகவில்லை என்றேன்.

பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஒரு பெண், “சார், எங்க அப்பா பெங்களூர்ல சென்ட்ரிங் வேலை, அதுக்குக் கோடு போடலாமா?” என்றாள். போடு என்றேன். அடுத்து திருப்பூர். அடுத்து துபாய். ஒருவனுடைய சித்தப்பா சிங்கப்பூர். கால் மணி நேரத்தில் லாலியின் கோடு எங்கே என்றே தெரியாத அளவுக்குச் செஞ்சியிலிருந்து கோடுகள் கிளம்பிவிட்டன. நம் பையனும் ஒரு கோடு போட்டான். அது மற்ற கோடுகளைப் போல ஓர் ஊரில் போய் முடியவில்லை, மூன்று நான்கு இடத்தில் நின்று நின்று போனது. “ஒவ்வொரு தடவையும் வேற வேற ஊர் சார், ஏஜென்ட் எங்க சொல்றாரோ அங்க” என்றான். சொன்னபோது அவன் குரலில் வருத்தம் இல்லை. வகுப்பில் முதன்முதலாக மற்றவர்களைவிட அதிகம் தெரிந்தவனாக நின்றான்.

அன்று அவர்களுக்கு இன்னொன்றும் சொன்னேன், அது நம் தொழில் சம்பந்தப்பட்டது. லிமெரிக் ஒப்பந்தத்துக்குப் பிறகு அயர்லாந்தில் கத்தோலிக்கர்களுக்கு எதிராக வரிசையாகச் சட்டங்கள் வந்தன. 1695-இல் வந்த சட்டத்தின்படி கத்தோலிக்கர் பள்ளி நடத்தக் கூடாது, பிள்ளைகளைப் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. மற்றொரு சட்டம் நிலம் வாங்குவதைத் தடுத்தது. அதற்காக அங்கே படிப்பு நின்றுவிடவில்லை. வாத்தியார்கள் வயல் வேலிகளின் மறைவில், பள்ளத்தில், கொட்டகையில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வேலியோரப் பள்ளி என்று பெயர். யாராவது வருகிறார்களா என்று பார்க்க ஒரு மாணவன் காவல். சம்பளம், பெற்றோர் கொடுக்கிற காசு. காசு இல்லாதவர் வெண்ணெய் கொடுப்பார், அடுப்பெரிக்கக் கரிமண் கட்டி கொடுப்பார். நம் திண்ணைப் பள்ளி வாத்தியாருக்கு நெல்லும் காய்கறியும் கொடுத்த மாதிரி. வாத்தியார் ஊர் ஊராகப் போவதும் உண்டு. படிப்பு பிள்ளைகளைத் தேடிப் போயிருக்கிறது.

டீச்சர் மகளுக்கு இதையெல்லாம் எழுதி அனுப்பினோம். அடுத்த விடுப்பில் கால்வே பக்கம் போவதாகச் சொல்லியிருக்கிறார், லாலியின் தந்தை ஊர்ப்பக்கம். அங்கே எதிர்ப்படும் யாரிடமாவது வந்தவாசியைத் தெரியுமா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

பிள்ளைகளை அழைத்துப்போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொல்லியல் துறை நுழைவுக் கட்டணம் இல்லை. பள்ளி அடையாளத்தோடு போங்கள். ராஜகிரி ஏறுவதென்றால் காலையிலேயே தொடங்க வேண்டும், பிற்பகலுக்கு மேல் ஏற விடமாட்டார்கள். தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் ஆட்டிக்கொண்டு போனால் குரங்கு உங்களோடு ஒப்பந்தம் பேசாது, நேரடியாக எடுத்துக்கொள்ளும். ஆறாம் வகுப்புக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கீழ்க்கோட்டையே ஒரு நாள் காணும். எல்லாவற்றுக்கும் முதலில், நீங்கள் இரண்டு மூன்று பேர், வேறு வேறு பாடக்காரர்களாகச் சேர்ந்து, பிள்ளைகள் இல்லாமல் ஒரு முறை போய்வாருங்கள். பிள்ளைகளோடு போகும் நாளில் தலையை எண்ணிக்கொண்டிருப்போம், அன்றைக்குக் கோட்டையைப் பார்க்க நமக்குக் கண் இருக்காது.

கடைசியாக அந்தப் பையன் விஷயம். பொங்கல் முடிந்து அவன் பெற்றோர் கிளம்பும்போது நானும் தலைமையாசிரியரும் வீட்டுக்குப் போனோம். பேசிப் பார்த்ததில், இந்த ஆண்டு அவனையும் தம்பியையும் பாட்டியிடம் விட்டுப்போக ஒப்புக்கொண்டார்கள். பாட்டிக்கு வயது எழுபதுக்கு மேல், கண் சரியாகத் தெரியவில்லை. இரவுச் சோற்றுக்கு என்ன வழி என்பதுதான் அந்த அம்மா கேட்ட ஒரே கேள்வி. மதியச் சத்துணவு இருக்கிறது. இரவுக்கு இப்போதைக்கு எங்கள் பள்ளி ஆசிரியர்கள் நால்வர் முறைவைத்து அரிசி, பருப்பு வாங்கிக் கொடுக்கிறோம். பையனே சமைக்கிறான். நேற்று வரை வருகைப் பதிவேட்டில் இடைவெளி இல்லை. ஏப்ரல் வரை இது ஓடுமா என்பது பாட்டியின் உடம்பைப் பொறுத்தது.

ஒரு பிள்ளைக்கு இப்படிச் செய்யலாம், இருபது பிள்ளைக்கு முடியாது. அதனால் ஒரு தாளை முன்வரிசையிலிருந்து சுற்றுக்கு விடுகிறேன். உங்கள் வகுப்பிலிருந்து கரும்பு வெட்டவோ, செங்கல் சூளைக்கோ, கட்டட வேலைக்கோ குடும்பத்தோடு போயிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வகுப்பு, போயிருக்கும் ஊர் எது, தெரிந்தால் அழைத்துப்போன ஏஜென்ட் எந்த ஊர்க்காரர் என்று மட்டும் எழுதுங்கள். போன இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளியின் தலைமையாசிரியரோடு பேச முடியும். நான்கு இடங்களுக்கு ஏற்கெனவே பேசிவிட்டோம், இரண்டு இடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். தாள் கடைசி வரிசைக்குப் போனதும் அப்படியே என்னிடம் கொடுத்துவிடுங்கள்.